நோபிலி மாட்டிய ஓலை

கேள்வி: ராபர்ட் டி நோபிலி பூணூல் போட்டுக்கொண்டு, ‘நான் பரங்கி இல்லை’ என்று சொல்லி மதுரையில் ஆட்களைக் கிறிஸ்தவத்துக்குச் சேர்த்தார் என்று படித்தேன். இது ஏமாற்று வேலை என்றேன். என் தம்பியோ, ‘ஆத்துமாவைக் காப்பாற்றத்தானே சொன்னார்? பொய்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே’ என்கிறான். மதத்துக்கு ஆள் சேர்க்கப் பொய் சொல்லலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சொல்லக் கூடாது. எந்த மதத்துக்காகவும் கூடாது. ஆனால் நோபிலி செய்ததில் எது பொய், எது பொய் இல்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் அவருக்கும் அநியாயம், நம் விவாதத்துக்கும் உதவாது.

இத்தாலியப் பாதிரியாரான நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். இருவரும் சேசு சபை என்ற ஒரே கத்தோலிக்கத் துறவியர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். பெர்னாண்டஸ் பல ஆண்டுகள் தங்கியும் கடற்கரையிலிருந்து வந்த பரவர் சமூகக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்ததோடு சரி, ஊர்க்காரர்களை அவரால் சேர்க்க முடியவில்லை. போர்த்துக்கீசியர்களை மக்கள் பரங்கி என்றார்கள். மாட்டுக்கறி தின்கிறவர்கள், குடிக்கிறவர்கள், ஆசாரம் இல்லாதவர்கள் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்தது. அவர்களுடைய மதத்தில் சேருவது சாதியை இழப்பது என்று அன்றைய மதுரை நினைத்தது.

நோபிலி பெர்னாண்டஸிடமிருந்து விலகித் தனியாகக் குடியிருந்தார். காவி உடுத்தினார், புலால் விட்டார், குடுமி வைத்தார். பூணூல் போட்டு அதில் சிலுவையைக் கோத்துக்கொண்டார். தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். இதில் எதையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் வாழப் போகிறவர் அந்த ஊர்ச் சோற்றைத் தின்று, அந்த ஊர் மொழியில் பேசுவது மரியாதை. சேர்ந்தவர்களிடம் அவர் ஏசுவை மறைக்கவும் இல்லை. அவர் தமிழில் எழுதிய ஞானோபதேசம் கிறிஸ்தவக் கோட்பாடுகளை வெளிப்படையாகத்தான் பேசுகிறது. பூணூல் விவகாரம் கோவாவில் பெரிய சண்டையாகி ரோமாபுரி வரை போனது. மூடநம்பிக்கை கலக்காதவரை பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் இருக்கலாம் என்று 1623-ல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அனுமதித்தார்.

எனக்கு உறுத்துவது அந்த ஓலைதான். இவரும் பரங்கிதான் என்ற பேச்சு ஊரில் கிளம்பியபோது, நான் பரங்கி இல்லை, பரங்கியர் குலத்தோடு எனக்குச் சம்பந்தமும் இல்லை, ரோமாபுரியில் ராஜாக்களுக்கு நிகரான குலத்தில் பிறந்தவன் என்று ஓலையில் எழுதித் தன் வீட்டு வாசலில் மாட்டினார். பரங்கி என்றால் போர்த்துக்கீசியர், நான் இத்தாலியன், ஆகவே சொன்னது உண்மை என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. வார்த்தைக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் மதுரைக்காரர் கேட்டது அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதை அல்ல. ‘உம்மோடு சேர்ந்தால் நான் யாரோடு சேர்ந்தவன் ஆவேன்? நாளை என் வீட்டில் பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா?’ என்றுதான் கேட்டார். அதற்கு நேர்மையான பதில் ஒன்று இருந்தது: ‘பெர்னாண்டஸும் நானும் ஒரே சபை. என்னை இங்கே அனுப்பிய அமைப்பு போர்த்துக்கல் அரசரின் ஆதரவில் நடக்கிறது. அவருடைய பரவர்களும் நீங்களும் ஒரே திருச்சபைதான்.’ ஓலையில் இந்தப் பதில் இல்லை.

இங்கேதான் உங்கள் தம்பியின் வாதம் உடைகிறது. பின்விளைவு முழுவதும் சேருகிறவர் தலையில். சொந்தம் விலகும், சாதிக் கட்டுப்பாடு வரும், பங்காளிகள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் தாங்கலாமா வேண்டாமா என்று எடைபோட வேண்டியவர் அவர். எடைபோடத் தேவையான விவரத்தையே ஒளித்துவிட்டால், அவருக்காக முடிவெடுத்தது போதகர்தான். ஞானஸ்நானத்துக்குத் தலை குனிந்தது மட்டும்தான் அவர். வள்ளுவர் விட்ட இடமும் இவ்வளவு அகலம் இல்லை. குற்றம் துளியும் கலக்காத நன்மை விளைந்தால் என்று நிபந்தனை போட்டுத்தான் விட்டார். கொலைகாரன் துரத்தி வரும்போது ஒளிந்தவனைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லும் பொய் அதில் அடங்கும். தன் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் சொல்லும் பொய்யில் அவருக்கே லாபம் இருக்கிறது. அதைக் குற்றம் கலக்காத நன்மை என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி மிகப் பழையது. கி.பி. 420 வாக்கில் ஸ்பெயினில் பிரிசில்லியன் என்பவரைப் பின்பற்றிய ஒரு பிரிவினர் தங்கள் கொள்கையை மறைத்துப் பொய் சொல்லித் திரிந்தார்கள். நாமும் அவர்களில் ஒருவர்போல நடித்து அவர்களைப் பிடித்தால் என்ன என்று கொன்சென்சியஸ் என்பவர் திருச்சபையின் பெரிய அறிஞரான ஆயர் புனித அகுஸ்தீனிடம் கேட்டார். கூடாது என்று சொல்ல அகுஸ்தீன் ஒரு நூலே எழுதினார். மதத்தைப் பற்றிய பேச்சில் ஒருமுறை பொய்க்கு இடம் கொடுத்தால், அதன்பின் சொல்லும் எதையும் யாரும் நம்ப வழியில்லை என்பது அவர் கவலை. யூதருக்கு யூதனைப்போல ஆனேன் என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய வரியை வேஷத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள், நன்மை வருவதற்காகத் தீமை செய்வோம் என்ற பேச்சை அதே பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் கண்டித்திருப்பதையும் படிக்க வேண்டும்.

அகுஸ்தீனின் கவலை நோபிலி விஷயத்திலேயே பலித்தது. தொலைந்துபோன வேதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்றும் அவர் மதுரையில் சொல்லியிருந்தார். அவர் 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் ‘எசூர் வேதம்’ என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி புதுச்சேரிப் பக்கமிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. வேதத்தின் பெயரைத் தாங்கி, வியாசரை உட்காரவைத்து, பல தெய்வ வழிபாட்டை மறுக்கும் உரையாடல் அது. 1760-ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் காலத்துக்கும் முந்தியது என்று அவர் நம்பிவிட்டார். பைபிளின் துணை இல்லாமலே இந்தியாவில் ஒரே கடவுள் கொள்கை இருந்தது என்று திருச்சபைக்கு எதிராகவே அதைத் திருப்பினார். 1778-ல் அச்சேறியது. நான்கே ஆண்டில், இது பாதிரியார் எழுதியது என்று சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி எழுதினார். நம் திருக்குறளுக்கு உரை எழுதிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை புதுச்சேரியில் இருந்த பிரதிகளை ஆராய்ந்து, அதையே சொல்லி எழுதிய கட்டுரை 1822-ல் வெளிவந்தது. உடனே பழி யார் மேல் விழுந்தது? நோபிலி மேல். எழுதியது யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து ஒன்றில்லை. ஆனால் நோபிலி இல்லை, பின்னாளில் வந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பதே இன்றைய ஆய்வாளர் முடிவு. செய்யாத குற்றம் அவர் பெயரில் அத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு, அவர் தானே சொன்ன அந்த ‘தொலைந்த வேதம்’ ஒரு காரணம். அவ்வளவு படித்த மனிதருக்கு இது நேர்ந்ததில் எனக்கு வருத்தம்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று உங்கள் தம்பி சொல்லலாம். 1979-ல் சான்பிரான்சிஸ்கோ பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு சட்டப் பட்டதாரியை இரண்டு இளைஞர்கள் சாப்பிட அழைத்தார்கள். மத அமைப்பா என்று அவர் கேட்டார், இல்லை என்றார்கள். பல நாள் அவர்களோடு முகாமில் தங்கி, மனதளவில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது கொரியாவின் சன் மியுங் மூன் நிறுவிய சபை என்று தெரிந்தது. அடையாளத்தை மறைத்து ஆள் சேர்த்ததற்காக அந்தச் சபை மீது மோசடி வழக்குத் தொடரலாம் என்று 1988-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசியில் பெயரைச் சொல்லிவிட்டோமே என்பது அங்கே எடுபடவில்லை. சொன்ன நேரத்தில் அவர் எழுந்து போகும் நிலையில் இல்லையே.

மதம் மாறுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற ஒருவருக்கு முழு உரிமை உண்டு. மாறச் சொல்லி அழைக்கவும் இன்னொருவருக்கு உரிமை உண்டு. அம்பேத்கர் 1935-ல் இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். எந்த மதம் என்று இருபது ஆண்டுக்கு மேல் ஊரறியப் பேசினார், எழுதினார், எதிர்ப்பவர்களோடு விவாதித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தன்னோடு பௌத்தம் தழுவியவர்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். எந்தத் தெய்வங்களை இனிக் கும்பிட மாட்டோம், எந்தச் சடங்கைச் செய்ய மாட்டோம், எந்த நெறியை ஏற்கிறோம் என்று அதில் ஒவ்வொன்றாக இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் அன்று அதை வாய்விட்டுச் சொல்லித்தான் சேர்ந்தார்கள். உங்கள் தம்பியை அந்த 22-ஐயும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.