‘சொந்தப் பொறுப்பில் வரவும்’ பலகை காப்பாற்றுமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீடு, பங்காளிகள் ஐந்து பேருக்குப் பொது. சுற்றிப் பார்க்க ஆளுக்கு 100 ரூபாய் வாங்குகிறோம். போன மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சாய்ந்தபோது மாடி மரக் கைப்பிடி முறிந்து, வளவுக்குள் (வீட்டின் நடு முற்றத்துக்குள்) விழுந்து கால் எலும்பு உடைந்தது. 3 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘அவரவர் சொந்தப் பொறுப்பில் வரவும்’ என்று வாசலிலேயே எழுதியிருக்கிறோமே?

பதில்: அது போதாது. ‘கைப்பிடி உளுத்திருக்கிறது, சாயாதீர்கள்’ என்று அந்த இடத்திலேயே எழுதிக் கயிறும் கட்டியிருந்தால், வந்தவரின் கவனக்குறைவைச் சொல்லி இழப்பீட்டைக் குறைக்கக் கேட்கலாம். பொத்தாம்பொதுவான பலகை அதற்கு உதவாது. காசு வாங்கியதும் அவர் விருந்தாளி இல்லை, நுகர்வோர்.

உளுத்தது வெளியே தெரியவில்லை என்பதையும் பெரிதாக நம்பாதீர்கள். டெல்லி மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றம், மறைவான பழுது என்று சொல்லி உரிமையாளர் தப்ப முடியாது என்றது. சாலையோரக் கட்டடம் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும்.

சாவியும் வசூலும் யார் கையிலோ, முதல் பொறுப்பு அவருக்கு. வருமானத்தைப் பங்கு போட்டிருந்தால் மற்றவர்களையும் வழக்கில் சேர்ப்பார்கள். முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கவும் முடியும். அவரவர் பங்கை நீங்கள் பிறகு கேட்டு வாங்க வேண்டியதுதான்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர அவருக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. புகார்க் கட்டணம், அவர் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, உங்களிடம் செலுத்திய பணத்தை வைத்து. 100 ரூபாய்க்குப் புகார்க் கட்டணமே கிடையாது. கோயம்புத்தூரிலேயே போடலாம், அலைச்சல் உங்களுக்கு. புகார் நகல் வந்தால் 30 நாளில் பதில் மனு தாக்கல் செய்யுங்கள், கூடுதலாக 15 நாள்தான் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூட ஏற்க மாட்டார்கள்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். போலீஸில் புகார் போனால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 125-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உடைந்த கட்டையை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். புகைப்படம் எடுத்து, முறிந்த முனையோடு பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் அனுப்பி, ஆஸ்பத்திரி பில்களும் ஊன அளவுச் சான்றும் கேளுங்கள். 3 லட்சம் நியாயமா என்பது அவற்றைப் பார்த்தால்தான் தெரியும். சமாதானமாகப் போனால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்தி, ‘இனிக் கோரிக்கை இல்லை’ என்று எழுதி வாங்குங்கள்.

தச்சர் பார்த்துச் சரிசெய்யும் வரை மாடிக் கதவு பூட்டியே இருக்கட்டும். மழை நாளில் வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வழுக்கும், துடைத்த பிறகே ஆள் விடுங்கள். வருபவர்களுக்கு அடிபட்டால் இழப்பீடு தரும் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். ஆனால் நடந்துவிட்ட இந்த விபத்துக்கு அது உதவாது.