வீட்டில் இருக்கும் கேமராவை வைத்து இயற்கைக் கதிர்வீச்சைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் சேலத்தில், அதுவும் மே மாதத்தில், ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பரணில் கிடந்த பழைய வெப்கேமின் லென்ஸைத் திருகிக் கழற்றினேன். சென்சாரைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் நாலு அடுக்கு மூடி, அம்மாவின் எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து, மேலே போர்வையும் சுற்றியாயிற்று. வெளிச்சமே இல்லாத இடத்தில் படம் கன்னங்கரேல் என்றுதான் வரவேண்டும். அதையும் மீறி வெள்ளைப் புள்ளி விழுந்தால், ஏதோ ஒரு துகள் சென்சாரின் சிலிக்கானுக்குள் புகுந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டிருக்கிறது என்று கணக்கு.

முதல் ராத்திரி படம் முழுக்க ரவையைத் தெளித்த மாதிரி புள்ளிகள்! மாக்னசைட் சுரங்கம் பக்கத்தில் இருப்பதால்தான் என்று தம்பி கிளப்பிவிட்டான். மாக்னசைட் வெறும் மெக்னீசியம் கார்பனேட், பாவம், அது ஒன்றும் செய்யாது. ஆனாலும் அம்மா அந்தச் சம்படத்தைத் திரும்பக் கேட்கவே இல்லை.

டிசம்பரில் ஏற்காடு போனபோது அதே செட்டப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். 1912-ல் விக்டர் ஹெஸ் என்ற இயற்பியலாளர் பலூனில் ஏறிப் பார்த்து, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று சொன்னார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கொஞ்சமாவது கூட வேண்டுமே! 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால் புள்ளிகள் பாதிக்குப் பாதி காணோம். குளிர்தான் காரணம். சென்சார் சூடானால் இருட்டிலும் தானாகவே எலக்ட்ரான் கசியும். ஏழெட்டு டிகிரி ஏறினாலே கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். மே மாதம் நான் எண்ணியது சேலத்து வெயிலை.

அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தேன். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வரும் புள்ளி சென்சாரின் கோளாறு, அதைத் தள்ளிவிட வேண்டும். ஒரே ஒரு படத்தில் வந்து அடுத்ததில் இல்லாததுதான் நமக்கு வேண்டியது. அப்படி வடிகட்டியதில் ஒரு விடிகாலை சீரகம் அளவில் நேர்க்கோடு ஒன்று சிக்கியது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பிக்சல். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது வளிமண்டலத்தின் மேல்பகுதியில் பிறந்து, சாய்வாக வந்த மியூவான் என்ற துகளாக இருக்க வேண்டும். புழு மாதிரி நெளிந்த கோடுகள் பெரும்பாலும் எலக்ட்ரான்கள். சுவர், கல், மண்ணில் இருந்து வரும் காமா கதிர்கள் கிளப்பிவிடுபவை.

பொறுமை வேண்டும். தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான்தான் வரும். வெப்கேம் சென்சாரோ அந்தச் சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

சீக்கிரம் பார்க்க ஆசையா? பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் கிடைத்தால் போதும், அந்தக் காலத்து மேண்டிலில் தானாகவே கதிர்வீசும் தோரியம் இருக்கும். பந்தல் கடை மாமாவிடம் ஒன்று வாங்கி, ஜிப் கவரோடு சென்சார் மேல் வைத்தேன், புள்ளிகள் சடசடவென்று கூடின. எரிந்த மேண்டிலை மட்டும் தொடாதீர்கள், பொடிப்பொடியாக உதிரும், மூக்குக்குள் போகக்கூடாது. தோரியம் வெளியிடும் ஆல்ஃபா துகள் இதில் தெரியாது, சென்சார் மேலிருக்கும் கண்ணாடியே நிறுத்திவிடும். வாழைப்பழத்தை வைத்தும் பார்த்தேன். அதிலிருக்கும் பொட்டாசியமும் லேசாகக் கதிர்வீசும், ஆனால் அதற்கு இந்தக் கேமரா அசையவில்லை.

வீட்டில் கதிர்வீச்சு எத்தனை மைக்ரோசீவர்ட் (அதை அளக்கும் அலகு) என்று தெரிய வேண்டுமானால், கதிர்வீச்சை அளக்கும் கருவியான கைகர் கவுன்ட்டர்தான் வாங்க வேண்டும்.