பத்துத் தந்தி டச் கிடார் செய்யக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கிடாரும் கொஞ்சம் பேஸும் வாசிப்பேன். இரண்டு கைகளாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் பத்துத் தந்தி டச் கிடார் மேல் நீண்ட நாளாக ஆசை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கக் கட்டுப்படியாகவில்லை. ஆறு தந்தி கிடாரும் நான்கு தந்தி பேஸும் கையால் செய்து கொடுக்கும் ஒருவரைத் தெரியும். "டிசைன் கொடுங்க, செஞ்சுடலாம்" என்கிறார். ஆனால் இந்த வகைக் கருவியை அவர் தொட்டதுகூட இல்லை. அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்? எந்த மரம் நல்லது? (சென்னை வாசகர்)

பதில்: மரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ட்யூனிங். எந்தத் தந்தி எந்தச் சுருதியில் நிற்கும் என்று தெரிந்தால்தான் ஸ்கேல் நீளத்தை, அதாவது தந்தியின் அதிரும் பகுதியின் நீளத்தை, முடிவு செய்ய முடியும். அதற்குப் பிறகுதான் தந்தியின் தடிமன், அதிலிருந்து நெக் (கருவியின் கழுத்து) தாங்க வேண்டிய இழுவை. உங்கள் ஆள் "டிசைன் கொடுங்க" என்று கேட்டால் உடம்பின் வடிவத்தை வரைந்துகொண்டு போகாதீர்கள். தந்திக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ட்யூனிங்கிற்கு முன்மாதிரி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் எம்மெட் சாப்மன் 1969-இல் இரண்டு கைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நெக்கின் மேல் கொண்டுவந்து, எட்டு விரல்களாலும் தட்டி வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கென்றே அவர் வடிவமைத்த சாப்மன் ஸ்டிக் 1974-இல் விற்பனைக்கு வந்தது. பேஸ் கலைஞர் டோனி லெவின் எண்பதுகளில் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவில் அதை வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பத்துத் தந்தி ஸ்டிக்கின் வழக்கமான ட்யூனிங்கில் ஐந்து தந்திகள் மெலடிக்கு, ஐந்து பேஸுக்கு. மெலடிப் பக்கம் எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ, டி என்று கிடாரைப் போல நான்காம் சுர இடைவெளியில் ஏறும். பேஸ் பக்கம் நெக்கின் நடுவில் மிகத் தாழ்ந்த சியில் தொடங்கி ஜி, டி, ஏ, ஈ என்று ஓரத்தை நோக்கி ஐந்தாம் சுர இடைவெளியில், அதாவது ச-ப, ச-ப என்று ஏறும். நடுவில் தடித்த தந்தி, இரண்டு ஓரங்களிலும் மெல்லிய தந்தி. முதலில் பார்க்கும்போது தலைகீழாகத் தெரியும். ஆனால் இடது கையின் விரல்களுக்குள் ஒரே பொசிஷனில் அடிச்சுரம், பஞ்சமம், மேலே பத்தாம் சுரம் என்று விரிந்த கார்டு கிடைப்பது இந்த அமைப்பால்தான்.

வேறு வழிகளும் உண்டு. ட்ரே கன் வாசித்த வார் கிடார் உருவத்தில் கிடாரைப் போலவே இருக்கும், பட்டையில் மாட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியின் மார்கஸ் ராய்ட்டர் எட்டுத் தந்தி டச் கிடார் வாசிப்பவர். முதல் கருவி, அதுவும் முதல் முறையாகச் செய்பவரின் கையால் என்றால் நானும் எட்டைத்தான் சொல்வேன். பத்து வேண்டும் என்று நீங்கள் கேட்டிருப்பதால் கணக்குகளைப் பத்துக்கே போடுகிறேன். (ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்கும் ஹார்பெஜ்ஜியைப் பார்த்துவிட்டு இந்த ஆசை வந்திருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதுவும் தட்டி வாசிப்பதுதான். ஆனால் அதை மேசையில் கிடத்தி, கீபோர்டைப் போல மேலிருந்து வாசிக்க வேண்டும். செய்முறையும் வேறு.)

ட்யூனிங் முடிவானதும் ஸ்கேல் நீளம். சாப்மன் ஸ்டிக் 36 இன்ச். பேஸ் கிடார் பொதுவாக 34, ஃபெண்டர் வகைக் கிடார் 25.5. தாழ்ந்த சி தந்தி தொளதொளக்காமல் நிற்க நீளம் வேண்டும். நீளத்தைக் கூட்டினால் மறுமுனையில் மெல்லிய தந்தி அறும். இன்னும் மெல்லியதாகப் போட்டால் அறாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. தடிமன் குறைந்தால் இழுவையும் குறைகிறது, தாங்கும் வலுவும் அதே அளவில் குறைகிறது. இரும்புத் தந்தி எந்தச் சுருதியில் அறும் என்பதைத் தீர்மானிப்பது நீளம்தான். 25.5 இன்ச்சில் நிம்மதியாக நிற்கும் கிடாரின் மேல் ஈ, 34 இன்ச்சில் அறும் எல்லைக்கு வந்துவிடும். ஸ்டிக்கின் மெலடிப் பக்கம் டியோடு நிற்பதற்கு இது ஒரு காரணம். 'என் கிடார் ட்யூனிங்கையே மெலடிப் பக்கம் வைத்துக்கொள்கிறேன்' என்று நினைத்திருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். 34 இன்ச், மேல் தந்தி டி என்பது உங்களுக்குச் சரியாக இருக்கும். பேஸ் ஃப்ரெட்போர்டுக்கான (ஃப்ரெட் என்னும் உலோக மெட்டுகள் பதிக்கும் பலகை) வார்ப்புரு உங்கள் ஆளிடம் ஏற்கெனவே இருக்கும், அது கூடுதல் வசதி. சாய்வு ஃப்ரெட் போட்டு இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு நீளம் வைக்கலாமா என்று அவர் கேட்டால், முதல் கருவியில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

34 இன்ச் என்றால் கைக்கு என்ன வேலை என்பதையும் பாருங்கள். 25.5 இன்ச் கிடாரில் முதல் ஃப்ரெட் சுமார் 36 மி.மீ. அகலம், 34-இல் 48.5. உங்கள் பேஸில் முதல் நான்கு ஃப்ரெட்டை விரலுக்கு ஒன்றாக எட்ட முடிகிறதா என்று இன்றே பார்த்துவிடலாம்.

அடுத்தது அகலம். தந்திக்குத் தந்தி 8.5 மி.மீ. வைத்தால் பத்துத் தந்திக்கு ஒன்பது இடைவெளி, 76.5 மி.மீ. இரண்டு ஓரத்திலும் மும்மூன்று விட்டால் 82.5. வழக்கமான கிடார் நெக், நட் (தலைப்பக்கம் தந்திகளைப் பிரித்துத் தாங்கும் சிறு பட்டை) அருகில் 43 மி.மீ.தான். கிட்டத்தட்ட இரு மடங்கு அகலமுள்ள நெக்கை உங்கள் கை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தாளில் பார்த்துத் தெரியாது. பிளைவுட் துண்டை அந்த அகலத்துக்கு அறுத்து, ஃப்ரெட் கோடுகளையும் தந்திக் கோடுகளையும் போட்டு, பட்டையில் மாட்டிக்கொண்டு சில நாள் வெறுமனே விரலை ஓட்டிப் பாருங்கள். 8.5 நெருக்கமா, 9 வேண்டுமா, கருவியை எவ்வளவு நிமிர்த்திப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். செய்பவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிக உபயோகமான 'டிசைன்' அந்தப் பலகைதான்.

இனி உங்கள் ஆளுக்கு உண்மையிலேயே புதிதாக இருக்கப்போகிற இடம். கிடார் செய்பவர்கள் ஃப்ரெட்போர்டுக்கு லேசான வளைவு கொடுத்துப் பழகியவர்கள், 12 இன்ச் ரேடியஸ் என்பது போல. 43 மி.மீ. அகலத்தில் அந்த வளைவால் நடுப்பகுதி ஓரத்தைவிட முக்கால் மி.மீ. உயரும், விரலுக்குத் தெரியாது. அதே வளைவை 82 மி.மீ. அகலத்தில் கொடுத்தால் நடு, ஓரத்தைவிட 2.75 மி.மீ. உயர்ந்து முதுகு கூனிய பலகை மாதிரி ஆகிவிடும். பழக்கதோஷத்தில் கைக்கு வந்த அதே ரேடியஸ் கட்டையை எடுத்துத் தேய்த்துவிடுவார், ஜாக்கிரதை. "ஃப்ரெட்போர்டு தட்டையாக இருக்க வேண்டும்" என்று எழுத்திலேயே கொடுங்கள்.

ஏன் தட்டை என்றால், இந்தக் கருவியின் உயிரே தந்தி ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் (இதைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள்) இருக்கிறது. கிடாரில் 12-ஆவது ஃப்ரெட்டில் ஒன்றரை முதல் இரண்டு மி.மீ., பேஸில் அதற்கும் மேல். இங்கே சுமார் 1 மி.மீ. வேண்டும், தடித்த தந்திக்குக் கொஞ்சம் கூடலாம். மீட்டாமல் தட்டுவதால் தந்தி அகலமாக ஆடாது, அதனால் அவ்வளவு தாழ்வாக வைத்தாலும் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்காது. ஆனால் ஒரே ஒரு ஃப்ரெட் மயிரிழை தூக்கி நின்றாலும் அந்த இடத்தில் சுரம் செத்துப்போகும். வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கிறது, மேளம் கட்டுபவர் இளக்கிச் சரிசெய்துவிடுவார். இங்கே உலோக ஃப்ரெட் மரத்தில் அடித்து இறக்கியது, தேய்த்துத்தான் சமன் செய்ய முடியும். அதையும் தந்தியின் முழு இழுவையில் நெக் எப்படி நிற்கும் என்று பார்த்துத் தேய்க்க வேண்டும். ஃப்ரெட் சமன் செய்யும் வேலைக்கு வழக்கமான கிடாருக்கு ஆவதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும், அதற்கான கூலியும் ஆகும். பேரம் பேசினால் வேறு எதிலாவது பேசுங்கள், இதில் வேண்டாம்.

நட் பக்கமும் இதே கதைதான். திறந்த தந்தியை வாசிக்கப்போவதில்லை என்பதால் நட் உயரமாக இருக்கத் தேவையில்லை. ஸ்டிக்கில் அந்தப் பக்க உயரத்தையும் திருகி மாற்றலாம். அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால் ஜீரோ ஃப்ரெட் போதும். மற்ற ஃப்ரெட்டுகளின் அதே உயரத்தில், நட் இருக்கும் இடத்தில் இன்னொரு ஃப்ரெட். அதைத் தாண்டி நட் தந்தியைப் பிரித்து வைத்தால் போதும். முதல் ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கழற்றி மாட்டும்படி ஒரு டாம்ப்பர் வேண்டும். ஃபெல்ட் துணியோ நுரைப் பட்டையோ தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அமைப்பு அது. நீங்கள் ஏழாம் ஃப்ரெட்டில் தட்டும்போது பிரிட்ஜ் (உடம்பில் தந்தி உட்காரும் முனை) பக்கம் சுரம் எழும், நட் பக்கத் துண்டும் கூடவே ஊளையிடும். விரலை எடுத்ததும் திறந்த தந்தி முழுசாகப் பாடும். இரண்டையும் அடக்குவது அந்தத் துணிதான்.

இப்போது மரம். பத்துத் தந்தி, ஒன்றுக்கு ஒன்பது கிலோ என்று வைத்தால் மொத்த இழுவை 90 கிலோ. வழக்கமான 10-46 கிடார் செட் (எண்கள் தந்தியின் தடிமன், ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில்) சுமார் 46 கிலோ. 90 கிலோவைத் தாங்கும் நெக் செய்வது பெரிய விஷயமில்லை, பேஸ் செய்பவருக்கு அது பழகியதுதான். சிக்கல், அது அசையாமல் தாங்க வேண்டும் என்பதில். கிடாரில் நெக் 0.3 மி.மீ. வளைந்தால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஆக்‌ஷனே 1 மி.மீ. என்னும்போது அது கருவியை வாசிக்க முடியாததாக்கிவிடும். ஆகவே ஒரே கட்டையில் நெக் வேண்டாம். ஐந்து துண்டு ஒட்டி, ரேகை எதிரெதிராக வரும்படி அமைத்து, உள்ளே கார்பன் ஃபைபர் தண்டு வைத்து, இரண்டு ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டு) போடச் சொல்லுங்கள். பேஸ் பக்கமும் மெலடிப் பக்கமும் ஒரே மாதிரி இழுக்காது, ஒற்றை ராடால் முறுக்கலைச் சரிசெய்ய முடியாது. மேப்பிள் கிடைத்தால் நல்லது. தேக்கு என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, நம் ஈரக் காற்றில் அது நன்றாகவே நிற்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் ஒட்டு பிரியும். ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம் தாராளமாகப் போதும். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். நெக்கை முரட்டு அளவில் அறுத்துச் சில வாரம் சும்மா வைத்து, அது திருகுகிறதா என்று பார்த்த பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவருபவர் என்றால் நம்பி வேலை கொடுக்கலாம். 'எந்த மரத்தில் நாதம் நன்றாக வரும்' என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எலக்ட்ரிக் கருவியில் பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கித் தரும் பாகம்) தந்தியும் செய்கிற வித்தியாசத்துக்கு முன் அது சின்ன விஷயம்.

பிக்கப் இரண்டு வேண்டும், பேஸுக்குத் தனி, மெலடிக்குத் தனி. நடுவில் பேஸ் சியும் மெலடி எஃப் ஷார்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறும். அந்த ஒரு இடைவெளியை மட்டும் இரண்டு மி.மீ. கூட்டினால் குறையும், போர்டு அகலமும் அவ்வளவு கூடும். வெளியே ஸ்டீரியோ ஜாக் ஒன்று வைத்தால் அதில் தெரியாமல் மோனோ கேபிளைச் செருகியதும் ஒரு பக்கம் கிரவுண்டோடு சேர்ந்து அடங்கிவிடும். மேடையில் ஏறி நின்றுகொண்டு பேஸ் ஏன் வரவில்லை என்று தேடுவதைவிட, இரண்டு தனித்தனி மோனோ ஜாக் வைத்துவிடுவது மேல்.

ஆர்டர் கொடுக்கும் முன் தந்தியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் சுர இடைவெளி பேஸுக்குக் கடை செட் சரிவராது, ஒவ்வொரு தடிமனாகத் தனித்தனியே வாங்க வேண்டும். மெலடிப் பக்கம் போடப்போவது கிடார் தந்திதான். அது 25.5 இன்ச் ஸ்கேலுக்காக வெட்டியது, 34-ஐத் தாண்டித் தலைப்பகுதியில் தந்தியைச் சுற்றும் கடைசி முளை வரை நீளம் போதாமல் போகலாம். தந்தியை நீட்டி அளந்து, எந்தத் தந்திக்கு எந்த முளை என்று முடிவு செய்த பிறகு தலையை வரையட்டும்.

பணம் பற்றி: மரம் வாங்க ஒரு பங்கு, ஃப்ரெட் இறக்கியதும் ஒரு பங்கு, மீதி நீங்கள் வாசித்துப் பார்த்த பிறகு. ஆக்‌ஷன் அளவு, தட்டை ஃப்ரெட்போர்டு, இரட்டை ராட் மூன்றும் தாளில் இருக்கட்டும். ஒரு மழைக்காலம், ஒரு கோடை முடிந்ததும் இலவசமாகத் திரும்ப செட்டப் செய்து தருவார் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள், புது நெக் அந்த இரண்டிலும் கட்டாயம் அசையும். உறையையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். கடையில் விற்கும் பேஸ் பையில் நீளம் பொருந்தினாலும், நெக்கைத் தாங்கும் திண்டு உங்கள் நெக்கின் அகலத்துக்குக் கொள்ளாது.