சந்தோஷமாக இருந்தே ஆகவேண்டுமா?

கேள்வி: மனம் மகிழ்ச்சியாக இருந்தால் உடம்பும் நன்றாக இருக்கும் என்று படித்ததிலிருந்து, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் மகிழ்ச்சியானவள்’ என்று சொல்லிக்கொள்கிறேன். இரவில், நன்றி சொல்லத் தோன்றுபவற்றை ‘நன்றி நோட்டு’ என்று எழுதிவைக்கிறேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. வருத்தம் வந்தால் கூடவே குற்ற உணர்ச்சியும் வருகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

பதில்: உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. முதலில் அந்தக் கண்ணாடி வசனத்தை நிறுத்துங்கள். தன்மதிப்புக் குறைவாக உள்ளவர்கள் ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் சரிந்ததை, ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. நம்பாததைச் சொன்னால் மனசு எதிர்வாதம் பேசத்தானே செய்யும்?

மனிதர்களின் நல்வாழ்வை ஆராயும் நேர்மறை உளவியல் என்ற துறையும் உங்களை எப்போதும் சிரிக்கச் சொல்லவில்லை. அந்தத் துறைக்கு 1998-இல் வித்திட்ட மார்ட்டின் செலிக்மன், நல்வாழ்வுக்கு ஐந்து கூறுகளைச் சொன்னார். இனிய உணர்வு அதில் ஒன்றுதான். செய்யும் வேலையில் ஒன்றிப்போவது, உறவுகள், வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம், சாதித்த நிறைவு ஆகியவை மற்ற நான்கு. நீங்கள் முதலாவதை மட்டும் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். அதைத் தூக்கிப்போட வேண்டாம். செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. அந்த ‘ஏன்’ முக்கியம். பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான். ‘தோழி உதவினாள்’ என்று எழுதினால் வரி அங்கேயே முடிந்துவிடும். ‘நான் வாய்விட்டுக் கேட்டதால் உதவினாள்’ என்று எழுதினால், அடுத்த முறையும் கேட்கலாம் என்று தெரியும். அப்புறம், தினமும் எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களைவிட வாரத்துக்கு ஒரே முறை எழுதியவர்கள் அதிகப் பலன் கண்டதாக உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியின் ஆய்வு சொல்கிறது. பழகிப்போனால் எதுவும் சலித்துவிடும் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் கண்ணாடி இருக்கிறது, நோட்டு இருக்கிறது. ஒரு மனிதர்கூட இல்லை. 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு, முதுமையில் உடம்பு நன்றாக இருப்பதோடு நெருக்கமான உறவுகளுக்குத் தொடர்பு இருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நோட்டில் யாருக்கு அதிகமாக நன்றி எழுதியிருக்கிறீர்களோ, அவரை இந்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

வருத்தப்பட வேண்டியதற்கு வருத்தப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால் நோட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.