வகுப்பறைக் கதவில் 'துப்பாக்கி கூடாது' என்று ஒட்டலாமா?

உதவி ஆசிரியரான நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஒட்ட முடியாது. அமெரிக்காவின் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்த அதிகாரம் பாடம் நடத்துபவருக்கு இல்லை. உரிமம் உள்ளவர் வளாகத்தில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள 2016 ஆகஸ்ட் 1 முதல் சட்டமே இடம் கொடுக்கிறது. அதை எதிர்த்து மூன்று பேராசிரியர்கள் போட்ட வழக்கும் தள்ளுபடியாகிவிட்டது.

அலுவலக அறை விதியை வகுப்பறைக்கும் சேர்த்துப் படித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஒருவருக்கே ஒதுக்கிய அறை என்றால் தடுக்கலாம்; ஆனால் வருபவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறை ஒதுக்கீட்டில் இன்னொருவர் பெயரும் இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அந்த வழியும் அடைபட்டது. உங்களைப் போன்ற உதவி ஆசிரியர்கள் பலரும் அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள்தான். மதிப்பெண் தகராறு வருவதே அங்கேதான்; எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

இது அரசுப் பல்கலைக்கழகக் கணக்கு. ரைஸ் பல்கலைக்கழகம் போன்ற தனியார் வளாகங்களில் துப்பாக்கிக்கே தடை.