கேளுங்க அக்கா: கச்சான் கடைக்கு என்ன முகம் வைக்கிற?

கேள்வி: வணக்கம் அக்கா, நான் ஆரையம்பதி. நானும் மச்சானும் சேந்து ஒண்டரை வருசமா ஒரு சின்ன கேம் செஞ்சம், பேர் 'கச்சான் கடை'. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவில கச்சான் விக்கிற ஆச்சிதான் நீங்க, வாற ஆக்கள் கேக்கிற அளவுக்கு சுண்டால அளந்து சரையில போட்டுக் குடுக்கணும், பிந்தினா அவங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க, அவ்வளவுதான் கேம். சின்னக் கேம் செய்யிறவங்க போடுற இட்ச் (itch.io) தளத்தில போட்டிரிக்கம். விளையாடின ஆக்கள் நல்லாரிக்கு எண்டுறாங்க, ஆனா பக்கத்த திறந்து பாக்கவே ஆள் வருதில்ல. கவர் படம் நான்தான் கீறின, கோபுரம், குளம், சனம், லைட் எல்லாம் போட்டு 9 நாள் மினக்கெட்டன். எங்க பிழை?

பதில்: தம்பி, படத்த லப்டொப்ல பெரிசா திறந்து பாத்தன், வடிவு, பொய் சொல்லல்ல, அந்தக் குளத்தில லைட் விழுற இடம் நானா இருந்தா இப்பிடி கீற மாட்டன். மறுகா போன்ல இட்ச் லிஸ்ட்டுக்குள்ள தேடிப் போனன், ரெண்டு தரம் மேலயும் கீழயும் போய்த்தான் உங்கட படம் எது எண்டு கண்டுபிடிச்சன், அதுவும் பேர வாசிச்சு. படம் பிழையில்ல. படம் எந்த அளவில ஆக்கள்ட கண்ணுல படுது எண்டத நீங்க பாக்கல்ல.

இட்ச் கேக்கிற அளவு 630க்கு 500 பிக்சல், அதுக்குக் குறைஞ்சா 315க்கு 250. லிஸ்ட்ல உங்கட படம் நிக்கிறது அந்தச் சின்ன அளவிலதான், அதுவும் ஒரு நூறு படத்துக்கு நடுவில. 9 நாள் கீறின சனக்கூட்டம் அந்த அளவில தூவின மிளகுத்தூள் மாதிரித்தான் தெரியும். இத நான் புத்தகத்தில படிச்சுச் சொல்லல்ல. முதன்முதல் ஒரு கேமுக்கு கவர் கீறக் கேட்டாங்க, வாவியில மீன் பிடிக்கிற கேம், நான் எங்கட ஊர்ப் பெருமையெல்லாம் அதுக்குள்ள அடுக்கினன், கல்லடிப் பாலம், பூரண நிலா, பாடும் மீன், தோணி, தோணியில மனுசன், மனுசன்ட கையில வலை. சின்னதாக்கினா ஒரு நீலப் பெட்டி, நடுவில ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நிலா. இத்தனைக்கும் நான் பனர் அடிக்கிற கடையில வேலை செஞ்சவ, மோட்டசைக்கிள்ல போறவன் பனர்ல மூணு சொல்லுக்கு மேல வாசிக்க மாட்டான் எண்டு வாற ஆக்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவ!

சரி, உங்கட கேமுக்கு வருவம். கேம்ல விளையாடுற ஆள் என்ன செய்யிறான்? அளந்து ஊத்துறான். அப்ப கவர்லயும் அந்த ஒரு செயல்தான் நிக்கணும், ஆச்சிட கை, சுண்டு, அதில இருந்து கச்சான் சரைக்குள்ள கொட்டுது, ரெண்டு மூணு வெளிய தெறிக்குது, ஒரு ஓரத்தால சின்னப்பிள்ளைட கை நீளுது. ஆச்சிட முகம் வேணும், நல்லாப் பெரிசா, அவசரமும் சிரிப்பும் கலந்த முகம், ஏனெண்டா பிந்தினா ஆக்கள் போயிருவாங்க எண்டதுதான் உங்கட கேம்ட சுவாரசியமே. கோபுரத்த எடுத்து விடுங்க தம்பி. கோவிக்காதீங்க, எனக்கும் மாமாங்கம்தான், ஆடி அமாவாசைக்கு தீர்த்தம் ஆடாம விட்டதில்ல, ஆனா கோபுரம் முன்னுக்கு நிண்டா பாக்கிறவன் இது பக்திப் பாட்டு அப் எண்டு நினைச்சிட்டுப் போயிருவான். திருவிழாவ காட்டணும் எண்டா பின்னுக்கு நாலு கலர் பல்ப் மங்கலாத் தொங்கினா காணும்.

மற்றது கலர். கச்சான் மண்ணிறம், வறுக்கிற மணல் மண்ணிறம், தாச்சி கறுப்பு, நீங்க போட்டிரிக்கிற சரையும் பழுப்பு. எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு கரைஞ்சு போச்சு. படத்த ஒருக்கா கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்க, கச்சான் எங்க, சரை எங்க எண்டு பிரிச்சுக் காண ஏலாதெண்டா கலர எப்பிடி மாத்தினாலும் சரி வராது, முதல்ல வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கணும். நான் எண்டா பின்னுக்கு இரவு நீலம், ஆச்சிக்கு மேல பெட்ரோமாக்ஸ் மஞ்சள் வெளிச்சம், சரை வெள்ளைப் பேப்பர், இவ்வளவுதான் போடுவன். அதுக்காக முழுக்க இருட்டாக்கிராதீங்க, பேய்க் கேம் எண்டு நினைப்பாங்க, லேசா விளையாடிட்டுப் போற கேமுக்கு எழுத்தும் கொஞ்சம் உருண்டையா, கொழுக்கட்டை மாதிரி இரிக்கிறதுதான் பொருந்தும்.

எழுத்தப் பத்தி இன்னொண்டு. 'கச்சான் கடை' எண்டதில ரெண்டு புள்ளி இரிக்கு, மெல்லிசான ஃபொண்ட்ல சின்னதாக்கினா புள்ளி காணாமப் போயிரும், மறுகா அது 'கசசான' கடை. ரெண்டு வரியா உடைச்சு, தடிப்பா கையாலயே கீறுங்க, புள்ளிக்குப் பதிலா ஒரு கச்சான் பருப்பு வைச்சாலும் வடிவாத்தான் இரிக்கும். கூகுள் பிளேக்கு போறதெண்டா ஐகன் 512க்கு 512, அதுக்குள்ள பேர் எழுதாதீங்க, பேர் எப்பிடியும் பக்கத்தில வரும். மூலைய நீங்க வளைக்கவும் வேணாம், முழுச் சதுரமாக் குடுத்தா அவங்களே வளைப்பாங்க. தனிக் கச்சான் மட்டும் போட்டா பலசரக்குக் கடை அப் மாதிரி இரிக்கும், கையும் சரையும் சேந்து நிக்கட்டும்.

கீறி முடிச்சா வீட்டு ஆக்கள்ட்ட வடிவா எண்டு கேக்காதீங்க, அவங்க எப்பவும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. கேமே தெரியாத ஒராள்ட்ட, பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற யாரும் சரி, உச்சி வெயில்ல போன ஒரு செக்கன் காட்டி மறைச்சிட்டு, இதில என்ன செய்யணும் எண்டு நினைக்கிறீங்க எண்டு கேளுங்க. "கச்சான் விக்கிறதா?" எண்டு வந்தா வெற்றி. "கோயிலா?" எண்டு வந்தா திரும்பவும் பென்சில எடுங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா, சாய்ந்தமருதுல இருந்து எழுதுறன். கல்முனை மெயின் ரோட்டால ஆட்டோ ஓடுற கேம் ஒண்டு செய்யிறன், கம்பியூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் (Steam) தளத்தில போட ஆசை. ஒரு ஆர்ட்டிஸ்ட் 1920க்கு 1080ல ஒரு படம் தந்தாரு, அத வெட்டி வெட்டி எல்லா இடத்துக்கும் போட்டா காணாதா? கவர்லயே 'புதுசு', 'பாதி விலை' எண்டும் போட்டா ஆக்கள் வருவாங்க எண்டு கூட்டாளிமார் சொல்றாங்க.

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில், ஏலாது. 2022 செப்டம்பர் 1ல இருந்து ஸ்டீம் கவர்ல கேம்ட படம், பேர், பேரோட சேந்த துணைத் தலைப்பு, இதுகள்தான் இரிக்கலாம், விலைக்கழிவு, விருது, யாரோ குடுத்த மார்க் ஒண்டும் போட ஏலாது. நல்ல சட்டம்தான் எண்டு நினைக்கிறன், இல்லாட்டி ஒவ்வொரு கவரும் தேர்தல் போஸ்டர் மாதிரி வந்திரிக்கும்.

வெட்டுற கதைக்கு வந்தா, ஸ்டீம்ல கவர் படத்துக்கு கப்சூல் எண்டு பேர், அதில ஹெடர் 920க்கு 430, சின்னக் கப்சூல் 462க்கு 174, நெடுத்தது 748க்கு 896, வாங்கின கேம் எல்லாம் நிக்கிற லைப்ரரிக்கு 600க்கு 900. ஒண்டு படுத்திரிக்கு, ஒண்டு எழும்பி நிக்கிது, ஒரே படத்த வெட்டினா ஒண்டில ஆட்டோட டயர் போகும், மற்றதில டிரைவர்ட தலை போகும். அதால ஆர்ட்டிஸ்ட்ட ஆட்டோ தனியா, ரோடும் கடையும் தனியா, பேர் தனியா லேயர் லேயரா வாங்குங்க, ஒவ்வொரு அளவுக்கும் நீங்களே திரும்ப அடுக்கலாம். சின்னக் கப்சூல்ல கிட்டத்தட்ட பேர் மட்டும்தான் தெரியும், அதுக்கு ரோட்டையும் கடையையும் இழுத்துக் கொண்டு போகாதீங்க. கேம் புள்ளிப் புள்ளி பிக்சல்ல இரிக்கும்போது கவர்ல பளபளக்கிற திரீடி ஆட்டோ போடுறதும் வேணாம், ஏமாந்து வந்தவன் காசத் திருப்பிக் கேட்டுட்டுப் போயிருவான்.

கேள்வி: கூகுள் பிளேல கவர மாத்தி மாத்திப் பாக்கிறன், எது வேலை செய்யுது எண்டு தெரியல்ல. - அக்கரைப்பற்று

பதில்: நீங்க கேமப் போடுற பிளே கொன்சோல்ல ஸ்டோர் லிஸ்டிங் எக்ஸ்பெரிமென்ட் எண்டு ஒரு வசதி இரிக்கு தம்பி, வாற ஆக்கள்ல பாதிப் பேருக்குப் பழைய ஐகனும் மத்தப் பாதிக்குப் புதுசும் காட்டி எதுக்கு கூட டவுன்லோட் எண்டு சொல்லும். ஒரு நேரத்தில ஒண்ட மட்டும் மாத்துங்க, முகத்தையும் கலரையும் எழுத்தையும் ஒண்டா மாத்தினா எதால கூடிச்சு எண்டு ஒருநாளும் பிடிபடாது. தமிழ் ஆக்களுக்கு எண்டு தனிப் பக்கமும் தனிப் படமும் வைக்கலாம், அத விட்டுராதீங்க. ஒரு நாளைக்கு நாலு பேர்தான் வாறாங்க எண்டா அந்த எக்ஸ்பெரிமென்ட்ட நம்பிக் காத்துக்கிட்டு இரிக்க வேணாம், ஆரையம்பதித் தம்பிக்குச் சொன்ன மாதிரி போன எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க.