சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, மனசுதான் வரவில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. காவேரிப்பட்டணத்தில் கடை வைத்திருக்கிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் உண்டு. பெங்களூரு ஜக்கூர் விமான தளத்தில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஓட்டுவேன். சிறுநீரகக் கல் என்று, பைலட்டுக்கான உடல் பரிசோதனையில் (மெடிக்கல்) தற்காலிகமாக அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். 11 மாதம் தரையிலேயே கழிந்தது. கல்லை எடுத்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, போன வாரம் ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். மனைவியோ “போதும், விட்டுடுங்க” என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம். திரும்பப் பறக்கலாமா?

பதில்: பறக்கலாம் தம்பி. ஆனால் முதல் சில நாள் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் வேண்டாம்.

டாக்டர்கள் பார்த்தது உங்கள் சிறுநீரகத்தை. 11 மாதம் சும்மா இருந்த கையையும் கண்ணையும் யாரும் சோதிக்கவில்லை. எனக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து ஐந்து மாதம் பறக்கவில்லை. திரும்பி வந்த முதல் நாள், இறங்குவதற்காக பவரைக் குறைத்தேன். கார்புரேட்டரில் பனி பிடித்து இன்ஜின் நின்றுவிடாமல் சூடான காற்றை விடும் பிடியை, அதாவது கார்புரேட்டர் ஹீட்டை, இழுக்க மறந்துவிட்டேன். நூறு தடவைக்கு மேல் செய்த வேலை! பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி இழுத்தார். கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கக் குளிர்காலம் வேண்டியதில்லை, ஈரக்காற்று போதும். அன்று அவர் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். உங்களுக்குள் இருக்கும் நடுக்கம் நியாயமானது. அதை மறைக்காமல் இன்ஸ்ட்ரக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் டேக்-ஆஃப், லேண்டிங் மட்டும் போதாது; ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது), இன்ஜின் நின்றால் செய்ய வேண்டியது, குறுக்குக் காற்றில் இறங்குவது எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

காலையில் சீக்கிரம் போங்கள். ஜக்கூர் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மாம்பழ சீசனில் மதியம் 33 டிகிரி அடித்தால், விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 6000 அடி உயரத்தில் நிற்பது போலத்தான். காற்று லேசாகிவிடும், ஓடுகிற தூரம் கூடும், ஏறுவது மந்தமாகும். பழக்கம் விட்ட கைக்கு அந்த நேரம் வேண்டாம்.

இனி கல் விஷயம். டாக்டர்கள் இதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? அந்த வலி சொல்லிக்கொண்டு வராது. வந்தால் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும், அது உங்களுக்கே தெரியும். சின்ன விமானத்தில் தனியாக இருக்கும்போது கன்ட்ரோலைப் பிடிக்க வேறு கை கிடையாது. ஒருமுறை கல் வந்தவருக்கு மறுபடி வருவதும் சகஜம். இதில் நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு: மேலே கழிப்பறை இல்லையே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை பறப்பதை ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதானால் குடியுங்கள், ஆனால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கல் இறங்குவதற்கு டாம்சுலோசின் மாத்திரை கொடுத்திருந்தால், அது எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். அதைச் சாப்பிடுகிற நாட்களில் விமானத்தைத் தொடாதீர்கள். ஃபிட் என்று சான்றிதழ் தருகிற டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். விலாவில் லேசாகச் சுருக்கென்றாலும், கையில் சான்றிதழ் இருந்தாலும், அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

அப்புறம், உங்கள் மனைவி. பாதி ராத்திரியில் வலியில் நீங்கள் துடித்ததைப் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தை வாதம் செய்து ஜெயிக்க முடியாது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட்டிப்போங்கள், கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும். இன்ஸ்ட்ரக்டரோடு நீங்கள் பறக்கும் நாளில் ஜக்கூருக்கும் அழைத்து வாருங்கள், கீழே நின்று பார்க்கட்டும். பின் சீட்டில் உட்காரச் சொல்லி மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். இன்ஸ்ட்ரக்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்க, நீங்கள் வரிசையாகப் பத்து முறை சுத்தமாக இறக்குங்கள். அதற்குப் பிறகு கேட்கலாம்.